கடையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க

ஊரிலேயே கெட்டிக்காரப் பூட்டுக்காரர் ஒருவர், தையல் சாமான் கடை ஒன்றுக்குள் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். இந்த வழக்கு அப்படித்தான் தொடங்கியது.

மேல்முறையீட்டு மனுவில் இதையெல்லாம் எழுத முடியாது. அதில் 'மேல்முறையீட்டாளர் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்று ஆரம்பித்து, விதி, உட்பிரிவு என்று போய்க்கொண்டே இருக்கும். இப்போது வழக்கு முடிந்துவிட்டது. எல்லோரும் மூச்சு விட்டாயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை.

என் வக்கீல் அலுவலகம் மணிக்கூண்டுச் சந்தையின் மாடியில் இருக்கிறது. கீழே இரண்டு வரிசையில் கடைகள். படியிறங்கியதும் முதல் கடை முத்துப்பேச்சியின் மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் அதற்குப் பொருந்துகிற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், ஹூக், நூல் எல்லாம் எடுத்துத் தருவாள். பச்சை என்று நாம் சொன்னால், எந்தப் பச்சை என்று திருப்பிக் கேட்டு நம்மைத் திணறடிப்பாள். அதற்கடுத்து முகைதீன் பாயின் பூட்டு சாவிக் கடை.

அன்று மத்தியானம் கீழே மடார் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மேட்சிங் சென்டரின் ஷட்டர் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"வக்கீலம்மா, மேல இருக்கீங்களா? நான் உள்ள இருக்கேன்."

"பாய், பேச்சி கடையில நீங்க என்ன செய்றீங்க? தொறந்துட்டு வெளிய வாங்க."

"தொறக்கலாம். சாவி போட ஒரு ஓட்டை இருந்தா தொறக்கலாம். இதுல அதுவே இல்லையே."

இல்லைதான். உரிமக்கண் வந்ததிலிருந்து சந்தையில் எந்த ஷட்டருக்கும் சாவி கிடையாது.

முன்பெல்லாம் கடை உரிமத்தைச் சோதிக்க வருஷத்துக்கு ஒரு ஆய்வாளர் வருவார். வருவார், டீ குடிப்பார், ஒரு கவரை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அதை ஒழிக்கத்தான் மாநகராட்சி இந்த உரிமக்கண் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கேமரா. சந்தைக்கு ஒரு கணினிப் பெட்டி. யார் விற்கிறார், யார் காசு வாங்குகிறார், உரிமம் யார் பெயரில் என்று அந்தப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். விதி மீறினால் கடைத் திரையில் எச்சரிக்கை வரும். மூன்றாம் முறை மீறினால் ஷட்டரே இறங்கிவிடும். கவர் வாங்காத அதிகாரி என்று சந்தையே சந்தோஷப்பட்டது. கவர் வாங்காத அதிகாரிக்கு டீயும் தேவையில்லை, டீ குடிக்கும்போது நாம் சொல்கிற சமாதானமும் தேவையில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

ஷட்டருக்கு மேல் இருந்த திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடின. விதி ஒன்பது. உரிமம் பெற்றவர் கடையைத் தாமே நடத்தவில்லை. வேறொருவருக்குக் கைமாற்றம். மூன்றாம் முறை.

சந்தைக் கோடியில் இருக்கும் பெட்டி அறையிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு ஓடி வந்தாள். மாநகராட்சிப் பொறியாளர் ஷீபா. முகம் வெளுத்திருந்தது. எதையோ தட்டினாள். ஷட்டர் பாதி ஏறியது. பாய் குனிந்து வெளியே வந்தார். அவர் நிமிர்வதற்குள் ஷட்டர் மறுபடியும் இறங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க பாய். எங்க பெட்டி இன்னைக்கு லீவு. அது இருந்திருந்தா ஆள் உள்ள இருக்கும்போது இறக்காது," என்றாள்.

அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

முத்துப்பேச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து வேகவேகமாக நடந்து வந்தாள். ஷட்டரைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். "யாரு பாய் சாத்துனது?" என்று கேட்டாள். அவளே திரையைப் படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"ஹூக் கேட்டு ஒரு பிள்ளை வந்துச்சு பேச்சிம்மா. எடுத்துக் குடுத்து, காசை உன் கல்லாவுல போட்டேன். அவ்வளவுதான்," என்றார் பாய்.

ஷட்டர் இப்படி இறங்கி ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் திறக்கச் சொல்லாவிட்டால் உரிமம் தானாக ரத்தாகும். கடை ஏலத்துக்குப் போகும். அந்தச் சந்தையில் கடை கேட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். ஏலத்தில் நிற்க முத்துப்பேச்சியால் முடியாது. அவளுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு வழியும் கிடையாது. போதாக்குறைக்கு ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கல்யாணப் பெண்கள் மேட்சிங்குக்குக் கொடுத்த பட்டுப்புடவைகள் எல்லாம் ஷட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தன.

மனுவை நான்தான் போட்டேன். கேஸ் கட்டைப் பிரித்தவுடன் ஒரே ஒரு கேள்விதான் நின்றது.

"பேச்சி, ஒவ்வொரு தடவையும் கடையை பாய் கையில விட்டுட்டு எங்க போன?"

"ஒரு வேலையாப் போனேன்க்கா."

"என்ன வேலை?"

"வேலைதான்க்கா."

எத்தனை தடவை கேட்டாலும் இதேதான். எனக்குக் கோபம் வரும். வக்கீலிடம் மறைத்தால் வக்கீல் என்ன செய்வாள் என்று கத்தியும் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். வட்டிக்கடைக்குப் போகிறாளோ, வேறு ஏதும் தொந்தரவோ என்று நானே கண்டதையும் நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. மாவட்ட நீதிமன்றம், நீதிபதி தனக்கோடி. மாநகராட்சி வக்கீல் தாமோதரன் என் பழைய தோழர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாதத்தைக் கையில் எடுத்துவிட்டால் எதிரே இருப்பது யார் என்று பார்க்க மாட்டார்.

"கனம் நீதிபதி அவர்களே, விதி ஒன்பதுக்கு ஒரு காரணம் இருக்கு. வசதி உள்ளவங்க பத்துப் பேர் பேர்ல உரிமம் எடுத்து, ஏழைங்ககிட்ட உள்வாடகைக்கு விட்டாங்க. அதைத் தடுக்கத்தான் கடையைத் தானே நடத்தணும்னு விதி. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம், பதிவு செஞ்சா போதும். முகைதீன் இவங்க வேலையாள் இல்லை. அவரே இன்னொரு உரிமதாரர். ஒருத்தர் ரெண்டு கடை நடத்தக் கூடாது. மூணு தடவை நடத்தியிருக்கார். உரிமக்கண் பார்த்திருக்கு."

"அவர் நடத்தலை. பாத்துக்கிட்டார்," என்றேன் நான்.

"விக்கிறதுக்கும் பாத்துக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? விதியில பாத்துக்கிறதுன்னு ஒண்ணு இல்லையே."

உண்மைதான், இல்லை. விதியை எழுதியவர்கள் யாரும் கடையில் உட்கார்ந்தவர்கள் இல்லை. கடைவீதியில் அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடாது. பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது பேச்சி எழுந்து போய் அவர் கடை முன்னால் நிற்பாள். டீக்கடைக்காரர் சிலிண்டர் எடுக்கப் போனால் பாய் பாலைப் பார்த்துக்கொள்வார். யாரும் யாருக்கும் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் நான் சொன்னேன். நீதிபதி தலையாட்டினார். ஆனால் தலையாட்டுவது தீர்ப்பு இல்லை.

தாமோதரன் முத்துப்பேச்சியைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்கு மேல கடையில நீங்க இல்லை. எங்க போயிருந்தீங்க?"

அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"வேற எங்கயாவது இன்னொரு வியாபாரம் நடத்துறீங்களா?"

அதற்கும் பேசவில்லை. நீதிபதியே கேட்டார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு பதில் சொல்லச் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். அந்த மௌனம் ஒன்றே வழக்கை முடித்துவிடும்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் கொளுத்தியது. என் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினேன்.

"வேணாம்க்கா."

"தொண்டை காய்ஞ்சு பேச்சே வரலை உனக்கு. குடி."

"வேணாம்க்கா. பழகிருச்சு."

"என்ன பழகிருச்சு?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, திட்டுகிற மாதிரி சொன்னாள். "நீங்க கோர்ட்டுக்குள்ளயே பாத்ரூம் போயிட்டு வந்துருவீங்க. நான் எங்கக்கா போவேன்? சந்தையில இருந்த லேடீஸ் பாத்ரூமைத்தான் பெட்டி வைக்கணும்னு எடுத்துக்கிட்டாங்களே. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும். அங்க லைன்ல நிக்கணும். மொத எச்சரிக்கை வந்ததுமே காலையில இருந்து தண்ணி குடிக்கிறதை விட்டுட்டேன். நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டாச்சு. அதுக்குமேல அடக்க முடியலை, போனேன். அத்தனை ஆம்பளைங்க முன்னால இதை எப்படிச் சொல்லச் சொல்றீங்க?"

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது. அந்தச் சந்தை மாடியில் உட்கார்ந்திருப்பவள் நான். என் அறையில் தனிக் கழிப்பறை இருக்கிறது. கீழே இருக்கிற பெண்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அழுகை வந்தது. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அடக்கினேன்.

"பெட்டி இருக்கிறது பழைய பாத்ரூம்லயா?"

"ஆமாக்கா. அந்த ஷீபா பாப்பா உக்காந்திருக்குமே, அதே ரூம்தான்."

ஷீபா என்றதும் அன்று அவள் சொன்னது இப்போது மண்டையில் ஏறியது. எங்க பெட்டி இன்னைக்கு லீவு. பெட்டி லீவு என்றால் ஷட்டரை இறக்கியது யார்?

இடைவேளை முடிந்தது. முத்துப்பேச்சி கூண்டில் ஏறினாள். அவளுக்குப் பதிலாக நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பாத்ரூம் போயிருந்தேங்கய்யா," என்றாள். "மூணு தடவையும் பாத்ரூம்தான் போயிருந்தேன். எங்க சந்தையில இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பாய்கிட்ட கடையைக் கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி, "உக்காருங்கம்மா," என்றார்.

நான் ஷீபாவை அழைத்தேன். மாநகராட்சியின் சாட்சிதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாத முகம்.

"உங்க பெட்டிக்கு லீவு உண்டாம்மா?"

"மென்பொருள் புதுப்பிக்கிற அன்னைக்கு நிறுத்தி வைப்போம் மேடம்."

"அப்ப சந்தையை யார் கவனிப்பா?"

"மீன் மார்க்கெட் பெட்டி பாத்துக்கும்."

நீதிபதியின் பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

"மீன் மார்க்கெட் பெட்டி பாத்துக்கும் சார். எங்க பெட்டி திரும்பி வந்ததும் விட்டுடும். அதுக்குக் கஷ்டம்னா எங்க பெட்டி பாத்துக்கும். எல்லாச் சந்தையிலயும் அப்படித்தான்."

"முத்துப்பேச்சியின் ஷட்டரை இறக்கியது எந்தப் பெட்டி?" என்று கேட்டேன்.

ஷீபா தாமோதரனைப் பார்த்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள். "மீன் மார்க்கெட் பெட்டி. அங்க கடைன்னா மேடைதான், உள்ள ஆள் நிக்க இடமே கிடையாது. அதனால அதுக்கு உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்கத் தெரியாது. அதான் பாய் மாட்டிக்கிட்டார்."

நான் உரிமக்கண் பற்றிய அரசிதழ் அறிவிப்பை எடுத்து நீட்டினேன். அதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்தும் பயன் தெரியாமல் இருந்தேன். "கனம் நீதிபதி அவர்களே, பெட்டிக்கும் உரிமம் உண்டு. ஒரு பெட்டிக்கு ஒரு சந்தை. அந்தச் சந்தையின் பெட்டி மட்டும்தான் அங்கே ஆணையிடலாம். கடைக்காரங்களுக்குப் போட்ட அதே கட்டுப்பாடு. இப்ப ஒரு சந்தேகம். பக்கத்துப் பெட்டி பாத்துக்கிட்டா அது கைமாற்றமா, இல்லையா?"

தாமோதரன் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். அவர் கெட்டிக்காரர், எந்தப் பக்கம் போனாலும் என்ன ஆகும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

நீதிபதியே அவருக்கு எடுத்துச் சொன்னார். "கைமாற்றம்னு சொன்னீங்கன்னா, மீன் மார்க்கெட் பெட்டி போட்ட இந்த ஆணை செல்லாது. இதுமட்டும் இல்லை, ஊர் பூரா பக்கத்துப் பெட்டி போட்ட ஆணை எல்லாமே செல்லாது. கைமாற்றம் இல்லைன்னு சொன்னீங்கன்னா, இந்தம்மா விதியை மீறவே இல்லை. ரெண்டுல எதுன்னு மாநகராட்சியே முடிவு பண்ணிச் சொல்லட்டும். எப்படிச் சொன்னாலும் ஷட்டர் தொறக்கும்."

தாமோதரன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. "கைமாற்றம் இல்லை," என்றார்.

தீர்ப்பை நீதிபதி அங்கேயே சொன்னார். உரிமதாரர் திரும்பி வரும் எண்ணத்தோடு வெளியே சென்று, பக்கத்தில் இருப்பவர் அதுவரை கடையைக் கவனித்துக்கொண்டால், வந்த காசும் உரிமதாரரின் கல்லாவுக்கே போனால், அது வியாபாரத்தைக் கைமாற்றியது ஆகாது. தாமே நடத்துவது என்பதற்குள் அதுவும் அடங்கும். எச்சரிக்கைகளும் ரத்து. கடைசியாக ஒரு வரி சேர்த்தார். சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை அமைப்பது மாநகராட்சியின் கடமை, பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றி அந்த அறையைப் பெண்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முத்துப்பேச்சி கைகூப்பினாள். அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயும் அழுதார். எனக்கு அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்தது. இனி ஏன் அடக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வராந்தாவில் ஷீபா எங்களுக்காகக் காத்திருந்தாள். சத்தமில்லாமல் சொன்னாள். "நானும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் மேடம் போறேன்."

"நீ போறப்ப பெட்டி ரூமை யார் பாத்துக்கிறது?"

அவள் பாயைப் பார்த்தாள். பாய் எங்கோ பார்த்தார்.

"பாய்," என்றேன்.

"பூட்டுக்காரன்கிட்ட சாவி குடுத்துட்டுப் போறதுல என்னம்மா தப்பு? நல்லவேளை, யாரும் கேக்கலை," என்றார்.

தாமோதரன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு எதுவும் காதுல விழலை," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாங்கள் எல்லோரும் வெகுநாள் கழித்து அன்றுதான் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே ஷட்டர் ஏறியது. பட்டுப்புடவைகள் போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்குப் போயின. ஒரு கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க நேரமில்லாமல் போனதால் பெண்ணின் அம்மா வந்து சண்டை போட்டாள். முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே திட்டு வாங்கினாள்.

பெட்டியை மாற்ற மாநகராட்சி சில வாரங்கள் எடுத்துக்கொண்டது. புதிய அறை கட்டி முடித்து, பெட்டியைக் கழற்றுகிற நாள் வந்தது. அன்று காலை நான் லைனிங் வாங்க மேட்சிங் சென்டர் வாசலில் நின்றேன். எல்லாக் கடைகளின் திரைகளும் ஒரே நேரத்தில் மினுங்கின. பாய் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"பெட்டி இடம் மாறுகிறது. மீன் மார்க்கெட் பெட்டியும் பழுதாகியிருக்கிறது. நான் திரும்பி வரும்வரை சந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்."

பெட்டியே எழுதியதா, ஷீபா எழுதினாளா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

முத்துப்பேச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தலைக்குமேல் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிட்டு வரச் சொல்லுங்க பாய். நாங்க பாத்துக்கிறோம்," என்றாள்.

பிறகு கல்லாவுக்குக் கீழே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவசரமே இல்லாமல், முழுவதையும் குடித்தாள்.